‘தரகர்’ என்ற சொல்லுக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சென்ற ஞாயிறு இதழில், வாசகர் பகுதியில் வெளிவந்த ஒரு கடிதத்தை என் பேத்தி எனக்கு வாசித்துக் காட்டினாள். இரண்டு கண்களிலும் புரை படர்ந்திருப்பதால் பத்திரிகை எழுத்து இப்போது எனக்கு எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரிகிறது. தலைப்புகளை மட்டும் நானே பார்ப்பேன். அந்தக் கடிதத்தை அவள் இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. கத்தோலிக்கர்களுக்குக் கடவுளிடம் நேரே போகத் தைரியமில்லை, மரியாளையும் புனிதர்களையும் தரகர்களாக வைத்திருக்கிறார்கள், அரச அலுவலக வாசலில் படிவம் நிரப்பிக் காசு வாங்குகிறவர்களைப்போல என்று அந்த அன்பர் எழுதியிருந்தார். கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் சனத்தையே உதாரணமாகவும் காட்டியிருந்தார். அந்தச் சனத்தில் நானும் ஒருத்தி. 1974 ஆம் ஆண்டு ஆசிரியை வேலை கிடைத்து மன்னார்ப் பேசாலையிலிருந்து கொழும்புக்கு வந்த நாள்முதல், நோயும் ஊரடங்கும் மறித்த கிழமைகள் போக, அங்கே போய்க்கொண்டிருக்கிறேன். ஆகவே நான் சொல்லச் சொல்ல இந்தப் பதிலைப் பேத்தி எழுதுகிறாள்.

அந்த அன்பர் வேதத்தை ஊன்றி வாசிக்கிறவர் என்பது அவருடைய கடிதத்திலேயே தெரிகிறது. அவர் எடுத்துக்காட்டிய வசனம் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம், இரண்டாம் அதிகாரம், ஐந்தாம் வசனம்: கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே மத்தியஸ்தர் ஒருவரே, அவர் கிறிஸ்து இயேசு. இதை நாங்கள் மறுக்கவில்லை. மறுத்தால் நாங்கள் கிறிஸ்தவர்களாக இருக்க முடியாது. ஆனால் அதே அதிகாரத்தின் முதலாம் வசனத்தையும் அவர் ஒருமுறை பார்க்க வேண்டும். எல்லா மனிதருக்காகவும் மன்றாடுங்கள், பரிந்து பேசுங்கள் என்றுதான் பவுல் அந்த அதிகாரத்தைத் தொடங்குகிறார். ஒருவருக்காக மற்றொருவர் மன்றாடுவது கிறிஸ்துவின் இடத்தைப் பறிப்பதாக இருந்தால், நான்கு வசனம் தள்ளி அவரே தம் சொல்லை வெட்டிப் பேசியிருக்க மாட்டார்.

இதை நான் புத்தகத்தில் படித்து விளங்கிக்கொள்ளவில்லை. என்னோடு ஒரே பாடசாலையில் பதினெட்டு வருடம் படிப்பித்த ஒரு மெதடிஸ்த ஆசிரியையிடமிருந்து விளங்கிக்கொண்டேன். இடைவேளையில் ஆசிரியர் அறையின் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம் பேசுவதுபோல் அவர் கடவுளிடம் பேசுவார். எழுதிவைத்த செபம் எதுவும் கிடையாது. “அப்பா, இன்றைக்கு அந்தப் பிள்ளையை அடித்துவிட்டேன், மன்னியும்” என்பார். அப்படிப் பேசத் தெரியாமல் பிறர் எழுதிய செபங்களின் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேனோ என்று அவரைப் பார்த்துப் பலமுறை கூசியிருக்கிறேன். நேரே பேசுவதை ஓரளவுக்காவது அவரைப் பார்த்துத்தான் பழகினேன். அவருக்குக் கருப்பையில் கட்டி என்று வைத்தியசாலையில் நாள் குறித்தபோது, முதல் நாள் மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு “எனக்காகச் செபியுங்கள், டீச்சர்” என்றார். கடவுளிடம் நேரே போகத் தெரியாதவரா அவர்? என்னைத் தரகுக்கு அமர்த்தினாரா? துன்பம் வந்த நேரத்தில் தனியாக நிற்க விரும்பவில்லை, அவ்வளவுதான். அலுவலக வாசல் தரகர், உள்ளே இருக்கிற அதிகாரி முகம் கொடுக்காததால் பிழைக்கிறவர். கூடச் செபிக்கிற சகோதரியை அவரோடு ஒப்பிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் அவர் நேராகத் தெரிந்துகொள்வது நல்லது. 1563 இல் ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம், புனிதர்களின் உதவியை வேண்டுவது நல்லது, பயனுள்ளது என்றது. அதே வாக்கியத்தில், நன்மைகள் கடவுளிடமிருந்து, ஒரே மீட்பராகிய அவர் மகன் வழியாகவே கிடைக்கின்றன என்றும் சேர்த்துச் சொன்னது. 1964 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மரியாவின் தாய்மைப் பணி கிறிஸ்துவின் மாண்பிலிருந்து எதையும் குறைப்பதுமில்லை, அதனோடு எதையும் கூட்டுவதுமில்லை என்று எழுதியது. 2025 நவம்பர் 4 ஆம் திகதி வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட குறிப்பு இன்னும் ஒரு படி போய், மாதாவை ‘இணை மீட்பர்’ என்று அழைப்பது பொருத்தமற்றது என்றே சொல்லிவிட்டது. எங்கள் பங்கிலேயே சிலருக்கு அது கசந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் சாதாரண சனம் சங்கத் தீர்ப்புகளைப் படிப்பதில்லை. அவர்கள் செபங்களைச் சொல்கிறார்கள். எனவே செபத்தையே பார்ப்போம். புனிதர்கள் மன்றாட்டு மாலையை எப்போதாவது காது கொடுத்துக் கேட்டிருந்தால், அதில் கடவுளுக்கு ஒரு பதிலும் புனிதர்களுக்கு வேறொரு பதிலும் வருவதை அந்த அன்பர் கவனித்திருப்பார். கடவுளின் பெயர் சொல்லப்படும்போது நாங்கள் “எங்கள்மேல் இரக்கமாயிரும்” என்கிறோம். மரியாவின் பெயரோ, சூசையப்பர், அந்தோனியார், செபஸ்தியார் பெயரோ சொல்லப்படும்போது “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்கிறோம். இரண்டும் ஒருபோதும் இடம் மாறுவதில்லை. முப்பத்தைந்து வருடம் தமிழ் இலக்கணம் படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: யாரிடம் இரக்கம் கேட்கிறோம், யாரிடம் கூடச் செபிக்கச் சொல்கிறோம் என்பது அந்த வினைச்சொற்களிலேயே கிடக்கிறது. பேசாலையில் என் தாயார் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாதவர். “பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க” என்று, அருள் நிறைந்த மரியே செபத்தின் பழைய பாடத்தையே கடைசிவரை சொன்னார். பிரியதத்தம் என்றால் என்ன என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தச் செபத்தில் ஆமெனுக்கு முந்திய சொல் ‘வேண்டிக்கொள்ளும்’ என்பதும், யாரிடம் வேண்டிக்கொள்ளச் சொல்கிறோம் என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

எங்கள் பக்கத்துப் பிழைகளையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு நேர்மை இராது.

முதலாவது, நானே செய்த பிழை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இருபது வருடம் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லிக் கொடுத்தேன். ராசாவிடம் நேரே போகப் பயமாக இருக்கும், ராசாவின் தாயிடம் போய்ச் சொன்னால் அவர் மகனிடம் சொல்லுவார், தாய் சொல்லை மகன் தட்டமாட்டார் என்று. எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், நானும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள், முன் வாங்கில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, “அப்படியென்றால் கடவுள் கோபக்காரரா, டீச்சர்?” என்று கேட்டாள். நான் என்னவோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஊதாரிப் பிள்ளையின் உவமையை எடுத்து வாசித்தேன். தூரத்தில் மகனைக் கண்டதும் அந்தத் தகப்பன் எழுந்து ஓடுகிறார். நடுவில் தாயும் இல்லை, சிபாரிசும் இல்லை. நான் சொன்ன கதை அந்தத் தகப்பனைச் சின்னவராக்கிவிட்டது. அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் நான் சொன்னது பிழை என்று சொன்னேன். அந்தக் கதையை இன்றைக்கும் பிரசங்கங்களில் கேட்கிறேன். சொல்கிற குருக்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள் என்று இந்தப் பகுதி வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். தரகர் என்ற சொல் வெளியே இருப்பவர்களின் வாயில் வந்ததற்கு அந்தக் கதையும் ஒரு காரணம். கானாவூர்த் திருமணத்தில் மரியா என்ன செய்தார்? இரசம் தீர்ந்துவிட்டது என்று மகனிடம் சொன்னார். பணியாளர்களிடம், அவர் சொல்வதைச் செய்யுங்கள் என்றார். நற்செய்தியில் அவர் வாயிலிருந்து வரும் கடைசிச் சொற்கள் அவைதான். வீட்டாரின் குறையை அவர்கள் கேட்காமலே கண்டுகொண்ட ஒரு பெண்ணைத்தான் அங்கே பார்க்கிறேன். கோபக்கார ராசா யாரும் அந்த வீட்டில் இல்லை.

இரண்டாவது பிழை பேரம். என் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம், மூன்று பாடமும் சித்தியானால் இத்தனை மெழுகுதிரி, பல்கலைக்கழகம் கிடைத்தால் ஒரு வெள்ளி இதயம் என்று அந்தோனியாரோடு விலை பேசியவள் நான். இப்போது நினைத்தால் நெஞ்சு சுடுகிறது. நன்றியோடு கொடுக்கும் நேர்த்தி வேறு, முன்பணம் காட்டிக் கேட்பது வேறு என்று எனக்கு அன்று தெரியவில்லை. இன்று இது கைத்தொலைபேசிக்கு வந்திருக்கிறது. இந்தச் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் கெடுதி நேரும் என்று வட்ஸ்அப்பில் மாதா படத்தோடு வருகிறது. என் பேத்தியின் சிநேகிதிகள் பயந்துபோய் அனுப்புகிறார்கள். செபத்தின் வெளிச் சடங்குக்கே பலன் உண்டென்று நம்பி, உள்ளத்தை விட்டுவிடுவது மூடநம்பிக்கை என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடே 2111 ஆம் எண்ணில் சொல்கிறது. அந்த அன்பர் இதைக் கண்டித்திருந்தால் நான் அவருக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன்.

திருச்சுரூபங்களைப் பற்றியும் அவர் ஒரு வரி எழுதியிருந்தார். தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாமல் ஊர் ஊராகத் தூக்கிச் செல்லப்பட்ட சிலை என்று, மன்னாரிலுள்ள மடு மாதா திருத்தலத்தைக் குறித்து. மன்னாரில் பிறந்த எவருக்கும் அந்த வரி வலிக்கும். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் மடு மாதா சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள் என்பது உண்மை. அதற்கு முன்பும், மாந்தையில் இருந்த கத்தோலிக்கர் ஒல்லாந்தருக்கு (டச்சுக்காரருக்கு) பயந்து அந்தச் சுரூபத்தோடு காட்டுக்குள் ஓடியதால்தான் மடு என்ற தலமே உண்டாயிற்று. யாரும் அந்தச் சுரூபம் குண்டைத் தடுக்கும் என்று நம்பித் தூக்கவில்லை. இடம்பெயர்ந்து ஓடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அடையாள அட்டை, காணி உறுதி, செத்துப்போன தாயின் படம், இவற்றைத்தான் கையில் எடுத்தார்கள். படத்தை எடுத்தவர்களிடம், அந்தக் கடதாசி உன்னைக் காப்பாற்றுமா என்று யாராவது கேட்பார்களா? 787 இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் சொன்னதும் இதுதான்: உருவத்துக்குக் காட்டும் வணக்கம் அந்த உருவத்துக்கு உரியவரைச் சென்று சேர்கிறது, ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. எங்கள் சனத்துக்கு 2008 இல் வேறொரு எண்ணமும் இருந்தது. மாதாவும் எங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்துவிட்டார் என்று சொன்னார்கள். ஏரோதுக்குப் பயந்து கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடியவர்தானே அவர்.

ஒல்லாந்தரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1658 இல் அவர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்தார்கள். மறைத்து வைத்திருப்பவர்களுக்கு மரண தண்டனை என்றார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் இந்தத் தீவின் கத்தோலிக்கருக்குப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். 1687 இல் யோசேப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து பிச்சைக்காரர்போல் யாழ்ப்பாணம் வந்தபோது, யார் கத்தோலிக்கர் என்று தெரியாமல் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். அதைக் கண்டு முகம் மாறியவர்களை வைத்துத்தான் தம் மந்தையைக் கண்டுபிடித்தார். 2015 ஜனவரி 14 ஆம் திகதி காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, முந்திய இரவே போய்ப் புல்தரையில் காத்திருந்தவர்களில் நானும் இருந்தேன். கடவுளிடம் போகும் வழியை அடைக்கும் பொருளாக இருந்திருந்தால், குருவும் கோயிலும் இல்லாத முப்பது வருடம் அந்த மணிமாலை ஒரு சமூகத்தைக் கடவுளிடமே வைத்திருந்திருக்குமா?

கொச்சிக்கடை ஆலயமும் அந்தக் காலத்து ஒளிவுமறைவில் பிறந்ததுதான். கொச்சியிலிருந்து வந்து மறைந்திருந்த ஒரு குருவானவரிடம், கடல் எங்கள் கரையைத் தின்கிறது, இதை நிறுத்தினால் உம்மைக் காப்பாற்றுகிறோம் என்று மீனவர்கள் சொன்னதாக மரபு. அவர் கரையில் ஒரு சிலுவையை நட்டு மன்றாடினார், கடல் பின்வாங்கியது, ஒல்லாந்தரும் அவரை விட்டுவிட்டார்கள் என்பார்கள். அந்தோனியார் பெயரில் மண் சுவர்க் கோயில் பிறகுதான் எழுந்தது. இப்போதுள்ள ஆலயம் 1834 இல் அபிஷேகம் பெற்றது. சிலுவையை நட்டு மன்றாடியவர் யாரிடம் மன்றாடினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தோனியாரே யார்? லிஸ்பனில் பிறந்து, பதுவையில் 1231 ஜூன் 13 இல் இறந்த ஒரு துறவி. வாழ்நாளெல்லாம் கிறிஸ்துவைப் பிரசங்கித்தவர். கொச்சிக்கடையில் செவ்வாயன்று நிற்பவர்களில் பொன்னம்பலவாணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வருகிற இந்துக்களும், சிங்களப் பௌத்தரும், சில முஸ்லிம்களும் உண்டு. அவர்கள் எல்லோருடைய மனதிலும் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் சுரூபத்தில் அந்தோனியாரின் கையில் குழந்தை இயேசு இருக்கிறார். நாம் அந்தோனியாரைப் பார்க்கிறோம். அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி நான் சொல்ல வந்த விடயம். இது இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியே இருக்க மாட்டேன்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் ஒழுங்கையில், எனக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தார். இரத்த உறவு இல்லை. ஆனால் நான் தனிப் பெண்ணாக ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கிய அன்று தேநீர் தந்தவர் அவர். என்னை முதல் செவ்வாயில் கொச்சிக்கடைக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். நாற்பத்தைந்து வருடம் சேர்ந்து போனோம். 2019 உயிர்ப்புத் திருவிழாவுக்கு முதல் நாள் இரவு நான் புனித லூசியாள் பேராலயத்தில் திருவிழிப்புக்குப் போனேன். இருட்டில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு, புனிதர்கள் மன்றாட்டு மாலையைப் பாடினோம். அக்காவுக்கு இரவில் கண் தெரியாது. நான் காலையில் அந்தோனியார் கோயிலுக்குப் போகிறேன் என்றார். அது ஏப்ரல் 21, அந்தக் கோயிலில் குண்டு வெடித்த காலை.

அந்தக் காலை பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அக்காவை அடக்கம் செய்து சில நாட்களில், அஞ்சலி சொல்ல வந்த ஒருவர் தாழ்ந்த குரலில் என்னிடம் ஒன்று சொன்னார். சிலையை நம்பிப் போனவர்களைச் சிலை காப்பாற்றவில்லை, இனியாவது நேரே கர்த்தரிடம் போங்கள் என்றார். அவர் யார், எந்தச் சபை என்று இங்கே எழுத மாட்டேன். அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது சொல்கிறேன். அதே காலையில் மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. அங்கே சுரூபம் இல்லை, செபமாலை இல்லை, நவநாள் இல்லை. அங்கே கூடியவர்கள் கர்த்தரிடம் நேரே பேசுகிறவர்கள். ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள் அங்கே இறந்தார்கள். கொச்சிக்கடையிலும் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும் சீயோனிலும், ஹோட்டல்களிலுமாக 250 க்கும் மேற்பட்டோர் அன்று மாண்டார்கள். யார் எந்த வழியாகச் செபித்தார்கள் என்று அந்தக் குண்டு பார்க்கவில்லை. யார் சரியாகச் செபித்தார்கள் என்று அவர்களுடைய சாவைக் கொண்டு அளக்க எந்த மனிதருக்கும் உரிமையில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நடந்ததை இதுவரை பாவசங்கீர்த்தனத்தில் மட்டுமே சொல்லியிருக்கிறேன். கடவுளிடம் நேரே பேச என்னால் முடியாமற்போயிற்று. விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று தொடங்குவேன். உமது திருவுளம் நிறைவேறுக என்ற இடத்தில் தொண்டை அடைத்துவிடும். இதுவா உமது திருவுளம் என்று கேள்வி வந்துவிடும். அந்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு ஆலயங்களில் பூசை இல்லை, பேராயர் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. ஜூன் 12 இல் கொச்சிக்கடை ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது போனேன். அங்கேயும் முடியவில்லை. ஆனால் அருள் நிறைந்த மரியே என்ற செபத்தை மட்டும் சொல்ல முடிந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகுதான் விளங்கிற்று. அது எனக்குத் தெரியாத ஒன்றையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. பாவிகளாகிய எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று மட்டும் கேட்டது. கேட்கப்படுகிறவரோ, தன் பிள்ளை கொல்லப்படுவதை நின்று பார்த்தவர். பேச முடியாத எனக்காக அவர் பேசட்டும் என்று விட்டுவிட்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே போயிற்று.

2020 ஏப்ரல் 12, மறுபடியும் உயிர்ப்பு ஞாயிறு. கொரோனா ஊரடங்கு. கோயில்கள் பூட்டிக் கிடந்தன, ஒழுங்கையில் பாண் வண்டிச் சத்தம்கூட இல்லை. அடுப்படியில் நின்று பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் செபமாலை இல்லை, முன்னால் படம் எதுவும் இல்லை. எங்கள் தந்தையே என்று என் வாய் தொடங்கிற்று, அந்த இடத்தையும் தாண்டிப் போயிற்று, முடிவுவரை சொன்னேன். என்னைக் கடவுளிடம் திரும்பக் கொண்டுவந்து விட்டது அந்த ஒரு வருடத்து அருள் நிறைந்த மரியே. இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இறந்தவர்களுக்குக் காது கேட்குமா, இறந்தோரிடம் குறி கேட்பதை வேதத்தின் இணைச்சட்ட நூல் (உபாகமம்) தடுக்கிறதே என்பதும் அன்பரின் கேள்வி. எதிர்காலத்தை அறிய ஆவிகளை அழைப்பதைத் திருச்சபையும் பாவம் என்றே சொல்கிறது. நான் அக்காவிடம் குறி கேட்கவில்லை. கடவுள் இறந்தோரின் கடவுள் அல்ல, வாழ்வோரின் கடவுள் என்று ஆண்டவரே சொன்னாரே. உயிரோடு இருந்தபோது “அக்கா, எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்” என்று ஒழுங்கை முனையில் நின்று கேட்டவள் நான். அவர் இப்போது கடவுளுக்கு இன்னும் கிட்ட இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு அதைக் கேட்காமல் விட என்னால் முடியவில்லை. 2025 ஏப்ரல் 21 இல், கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் இறந்த 167 கத்தோலிக்கரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகள் வரிசையில் வத்திக்கான் சேர்த்திருப்பதாகப் பேராயர் அறிவித்தார். அதைக் கேட்டபோது நான் அழுதேன். வானத்தில் எங்கேயோ தங்க விளிம்போடு இருக்கிறவர்கள் என்று நான் சின்ன வயதில் நினைத்த புனிதர்கள், தேநீர் ஊற்றித் தந்தவர்களாகவும் இருக்கலாம் என்று அன்றுதான் என் மனம் முழுதாக ஏற்றுக்கொண்டது.

புனிதர்களை வேண்டாமல் கடவுளிடம் மட்டும் பேசுகிறவர்கள் குறைந்தவர்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் என் மெதடிஸ்த சிநேகிதியின் முகத்தில் நான் விழிக்க முடியாது. கத்தோலிக்கர்களிலும் அப்படிச் செபிப்பவர்கள் இருக்கிறார்கள், திருச்சபை அவர்களைக் குறை சொல்வதில்லை. பூசையில் குருவானவர் சொல்லும் செபங்களும் பெரும்பாலும் தந்தையை நோக்கி, மகன் வழியாக எழுபவைதான். நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் கடவுளிடம் நேரேதான் போகிறோம். கூட்டமாகப் போகிறோம், அந்தக் கூட்டத்தில் செத்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.

அடுத்த மாதம் 9 ஆம் திகதி எனக்கு இடது கண்ணில் சத்திரசிகிச்சை. வைத்தியர் சிறிய வேலை என்கிறார், ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தோனியாரிடமும் அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். கடவுளிடம் நானும் நேரே சொல்லியிருக்கிறேன். கடிதம் எழுதிய அந்த அன்பரும் அன்று காலை எனக்காகக் கர்த்தரிடம் ஒரு வார்த்தை சொல்வாரானால் மிகவும் நன்றியுள்ளவளாக இருப்பேன். அவருடைய பெயரை என் செபத்தில் நான் ஏற்கனவே சேர்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.